பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. பொதுப் பாதுகாப்பு அலுவலர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்பாதுகாப்பு, தொழில்சார் சுகாதாரப் படிப்புகள் பற்றித் தங்கள் கல்வி மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளைகுடா வேலை, கை நிறையச் சம்பளம் என்றெல்லாம் எழுதியவர், தொழிற்சாலையில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

வேலூரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'சேஃப்டி கோர்ஸ்' விளம்பரம். சில மாதங்கள் படித்தால் வேலை தயார் என்கிறார்கள். நெபோஷ் என்னும் பிரிட்டிஷ் சான்றிதழுக்கு வளைகுடாவில் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே சட்டப்படியான பாதுகாப்பு அலுவலராக முடியாது. பொறியியல் பட்டதாரிக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வை நிலையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். வேதியியல் அல்லது இயற்பியல் படித்தவருக்கு 5 ஆண்டு. அதோடு அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ இருக்க வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்தும் ஓராண்டுப் பட்டயம் அத்தகையது. படித்து முடித்த மறுமாதமே சம்பளத்தை எதிர்பார்க்கும் வீடுகளுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டாமா? தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இன்று தோல் பதனிடும் டிரம் அருகில் நிற்பவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். பிள்ளைகள் கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொள்வது நல்லது. (அரசியல் பேசவில்லை, கழிவுநீர்த் தொட்டியில் இறங்காதே என்று கத்தினால் அவனுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.)

படித்தவருக்கு நம் ஊரில் இடம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த பொது வரம்பு 1,000 தொழிலாளர்கள். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆகவும், அபாயகரமான தொழில்களுக்கு 250 ஆகவும் குறைத்தது. நல்லதுதான். ஆம்பூரின் பெரிய ஷூ கம்பெனிகளில் வேலைவாய்ப்பு கூடும். ஆனால் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் சின்னச் சின்னத் தோல் தொழிற்சாலைகள் எத்தனை! ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் இடத்தை எந்த வரம்பும் தொடாது. விஷவாயு ஆள் கணக்குப் பார்த்து வருவதில்லை.

தோலிலிருந்து முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு கலந்த கழிவுநீரோடு அமில நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தொட்டியின் அடியில் பல நாள் தேங்கிய சேற்றைக் கிளறினாலும் அதே வாயுதான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து ஒருவர் இறங்குவார். மயங்கி விழுபவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர். வாயுவை அளக்கும் சின்னக் கருவி, காற்றை உள்ளே செலுத்தும் விசிறி, இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே காவலுக்கு ஓர் ஆள், இவை இல்லாமல் எவரையும் இறக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தாலே பாதி உயிர்கள் தப்பும். மேற்பார்வையாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. உற்பத்தி குறைந்தால் அவரைத்தானே கேட்பார்கள்!

என் யோசனை இது. தோல் கழிவுநீர் மாசை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வசதி இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. தனித்தனியே கட்ட முடியாத சிறு முதலாளிகள் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறார்கள். அதே முறையில் இருபது முப்பது தொழிற்சாலைகள் சேர்ந்து தகுதியுள்ள பாதுகாப்பு அலுவலர் ஒருவரை ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? அவர் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள்.

இப்படி ஒரு பதவியை மாநில விதியிலேயே சேர்த்தால், வேதியியல் படித்துவிட்டுக் கடையில் கணக்கு எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும். அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இதைப் பரிசீலிக்க வேண்டும். எந்தெந்தப் படிப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டு என்று இயக்ககத்திடமே கேட்டு அடுத்த கல்வி மலரில் வெளியிடுங்கள். கல்லூரி சேர்க்கை தொடங்குமுன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்,
வாலாஜாபேட்டை.