மேலவாசல் போய் வந்தோம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நூல் இருப்புச் சரிபார்ப்பு நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது. காலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் எல்லாம் வயலில் நிற்கிறார்கள்.

பொறுப்பேற்ற கிளை நூலகத்தில் யாருக்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை என்று வருந்தியிருந்தாய். சம்பளத்தை உயர்த்தவோ, தொகுப்பூதியத்தில் இருப்பவரை நிரந்தரமாக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடு. ஆனால் மேலே எழுதிக் கேட்பதை நிறுத்தாதே. எழுதியதன் நகலை அவர்களிடம் காட்டு.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். போட்டித் தேர்வு நூல்கள் வரிசை மாறி, வாசல் பக்கத்துக் கீழ்த்தட்டில் கிடந்தன. வாசகர்கள் எதிரிலேயே உதவியாளரைக் கடிந்துகொண்டேன். அந்த அம்மா பதில் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவருக்குக் கை எட்டட்டும் என்று அவரே அங்கே வைத்திருக்கிறார். நம் நாட்டு நூலக இயலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக இயலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதைப் பாடமாகப் படித்தவன் நான். படிக்காமலே செய்தவர் அவர். அன்று மாலையே, அதே வாசகர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பகுதி முழுவதும் இப்போது அவர் பொறுப்பு. எந்த நூல் எங்கே இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. வாசகர்கள் கேட்கும் நூல்களின் பட்டியலையும் அவரே எழுதுகிறார், கீழே அவர் பெயரோடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பாராட்டுச் சான்றிதழைவிட இது அவருக்குப் பெரிதாக இருக்கிறது என்பதை முகத்திலேயே காண்கிறேன்.

போன மாதம் விடுமுறை நாளில் எல்லோருமாக மன்னார்குடி பக்கத்து மேலவாசலுக்குப் போனோம். 1931 அக்டோபர் 21 அன்று கனகசபை பிள்ளையின் மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடங்கிவைத்த ஊர் அல்லவா! சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் தொடங்கிவைக்க, நம் மண்ணில் நூல்கள் வண்டியேறி ஊர் ஊராகப் போயின. மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் அந்த அம்மா கேட்டார்: "நடவுக்குப் போகிறவர்கள் மாலை நூலகம் மூடுவதற்குள் வர முடிவதில்லை. நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?"

இரண்டு வாரமாக அவருடைய சைக்கிளில் இருபது புத்தகங்கள் தெருத்தெருவாகப் போய் வருகின்றன. ஒன்றும் தொலையவில்லை.

ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்த நாளில் வாசகர் வட்டக் கூட்டம் வைத்திருக்கிறோம். நீ அவசியம் வரவேண்டும். உன் பணியாளர்களில் இரண்டு பேரையும் அழைத்து வா. அவர்களோடு அந்த அம்மா பேசட்டும். நாம் இருவரும் பந்தி பரிமாறுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்