தம்பிக்கு, கடலூர் வண்ணாரப்பாளையத்திலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா, குட்டிப்பாப்பா எல்லோரும் நலம். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ அம்மாவிடம் பேசி முடித்து, போன் என் கைக்கு வருவதற்குள் உனக்கு ஜிம்மில் ஆள் வந்துவிடுகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. மாமா மகன் செவ்வாய்க்கிழமை தாம்பரம் வருகிறான், இதை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே முந்திரியும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் இருக்கும். கருவாடு வேண்டாம் என்று நீ சொல்வாய் என்றேன், அம்மா கேட்கவில்லை.

டிகிரி படிக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. உடற்பயிற்சி அறிவியல் என்று பெயரைக்கூட அம்மா சரியாகச் சொன்னாள். பிளஸ் டூ முடித்து மூன்று வருஷம் கழித்து, யாரும் சொல்லாமல் உனக்காகவே படிக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பெரியப்பா மொட்டை மாடியில் பேசின பேச்சை நீ மறந்துவிடு.

நான் ஓட்டுகிற பஸ்ஸில் தினமும் மஞ்சக்குப்பத்தில் ஏறி கிருமாம்பாக்கத்தில் இறங்குகிற பி.டி. மாஸ்டரை உனக்குத் தெரியும். அவரிடம் நாலு நாளாக விசாரித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் மூன்று வழி இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஆகவேண்டுமென்றால் பி.பி.எட்., அது ஒரு டிகிரி முடித்தபிறகு இரண்டு வருஷம். அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கவேண்டுமென்றால் பிசியோதெரபி, அதற்குப் பிளஸ் டூவில் பயாலஜி வேண்டும். நீ கேட்பது மூன்றாவது. ஓடும்போதும் எடை தூக்கும்போதும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கிற படிப்பு. உடற்கூறு, உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், சத்துணவு, விளையாட்டு உளவியல், கொஞ்சம் புள்ளியியல். ஆளுக்கு மாஸ்க் மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, அதில் உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்ப்பார்களாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், தம் ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டு தவளக்குப்பம் போய் இறங்கினார் ஒரு நாள்.

படிப்பை நேராக உடற்பயிற்சிக்கென்றே நடத்துகிற இடம் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் என்றார். வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது, உனக்குத் தாம்பரத்திலிருந்து பக்கம்தான். உடற்பயிற்சி உடலியங்கியலுக்கு அங்கே தனித் துறையே உண்டு. போரூர் ராமச்சந்திராவிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது, அது தனியார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. காலேஜ் 1920இலேயே ஆரம்பித்தது, நாடு முழுக்க பி.டி. மாஸ்டர்களை அனுப்பின இடம், ஆனால் அது வாத்தியார் வழி. நீ எந்த வழி என்பதை முதலில் முடிவு பண்ணு. பணம் கட்டுமுன் நேரில் போய்க் கேள். உன்னிடம் பயாலஜி இல்லை. கம்ப்யூட்டர் குரூப்பில் உன்னைச் சேர்த்தது நான், அதைச் சொல்லி என்ன பிரயோஜனம். உன் குரூப்புக்கு இடம் உண்டா, யூ.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா, டிகிரியா வெறும் சர்டிபிகேட்டா, இந்த மூன்றையும் கேள். சர்டிபிகேட் உன்னிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று வேண்டாம். பணம் கட்டுமுன் கேள். ஃபீஸைப் பற்றி நீ யோசிக்காதே, சீட்டு ஆனி மாதம் முடிகிறது.

இந்தப் படிப்பு உனக்கு வரும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னாயே, லண்டன் பஸ் கதை. மோரிஸ் என்கிற டாக்டர் 1953இல் எழுதியது. மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார், மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது என்று. அதோடு நீ விடவில்லை. தடியாக இருக்கிறவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்களோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, கம்பெனி தைத்துக் கொடுத்த யூனிபாரத்தின் இடுப்பளவையெல்லாம் எடுத்துப் பார்த்தார், டிரைவர்கள் இடுப்பு பெரிசாகத்தான் இருந்தது, அதனால் உட்கார்ந்த வேலையை மட்டும் குற்றம் சொல்லமுடியாது என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முடிவு கிடைத்ததும் கைதட்டிவிட்டுப் போகாமல், இது சரிதானா என்று திரும்பத் தோண்டுகிற புத்தி அது. என் காக்கி பேன்ட் முப்பதில் ஆரம்பித்து முப்பத்தெட்டில் நிற்கிறது. கண்டக்டரிடம் சொன்னேன், அவர் அன்றையிலிருந்து உட்காருவதே இல்லை.

சாப்பிட்டதும் நடக்கச் சொன்னாயே, நடக்கிறேன். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னாய் அல்லவா. டூட்டி இல்லாத நாளில் காலையிலும் தேவனாம்பட்டினம் கடற்கரைவரை போய் வருகிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 190 இருந்தது இப்போது 140. நீ சொல்லித்தான். மாசி மகத்துக்கு நீ வருவாய் என்று அம்மா இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அது போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது மருந்து பற்றிய பாடம் வரும், அதை ஒரு வரி விடாமல் படி. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 வினாடியில் ஓடினபோது எனக்குப் பதினெட்டு வயசு. டீக்கடையில் பேப்பரை நாலு பேர் இழுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் மெடலைப் பிடுங்கிவிட்டார்கள், ஸ்டானோசோலால் என்கிற தசை ஏற்றுகிற மருந்து போட்டதற்காக. அந்த வார்த்தையை அன்றைக்கு யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அது தசைக்கு என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்காதே, இதயத்துக்கும் ஈரலுக்கும் என்ன செய்கிறது என்று பார். நன்றாகச் சாப்பிடு. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள். இந்தப் படிப்பு படிக்கிறவனே தன் ரத்தத்தைப் பார்க்காமல் இருந்தால் எப்படி. எதுவும் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளாமல், யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய கோச் சொன்னாலும் செய்யாதே.

நீ மாவட்ட ஆணழகன் ஆன போட்டோவை இன்னும் வண்டியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறேன். ஏறுகிறவர்களெல்லாம் யார் என்று கேட்பார்கள். என் பையன் என்று சொல்லும்போது உடம்பு நிமிரும். உன் கையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றுடா என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்தது போன ஐப்பசியில் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய். அதற்கும் மூன்று வருஷம் முன்னாலேயே தெரியும். வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று பயம். அக்கா கல்யாணக் கடன் வேறு. பாண்டிச்சேரியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கலில் நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் மத்தியானம் மாத்திரையைப் போட்டுவிட்டேன், சாப்பிட நேரம் கிடைக்கவில்லை, அடுத்த டிரிப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முள்ளோடை வரும்போதே சர்க்கரை இறங்கி வேர்க்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் ஈரமாகி வழுக்குகிறது. பெரியகங்கணாங்குப்பம் தாண்டினதும் எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரிகிறது. வண்டியில் அறுபது பேருக்குக் குறையாது, பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்னும் கொஞ்ச தூரத்தில் பெண்ணையாற்றுப் பாலம். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கை நடுங்கி சாவியைத் திருப்ப முடியவில்லை. கண்டக்டரிடம் கிளட்ச் ஒயர் போய்விட்டது என்றேன். என் பின்னால் நின்ற பையன் கையில் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட், பாதி குடித்தது. அதைக் கொடுடா தம்பி என்று கேட்டு வாங்கி உறிஞ்சிக் குடித்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறாவது படிக்கும்போது நீ இருந்த உயரம். பத்து ரூபாய் கொடுத்தேன், வேண்டாம் அங்கிள் என்றுவிட்டான். கால்மணி நேரம் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டு வந்து சேர்ந்தேன். கிளட்ச் சரியாகிவிட்டது என்று சொன்னேன்.

இது அம்மாவுக்குத் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியாது. அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அந்தப் பையன் கண்ணுதான் எனக்கு முன்னால் வருகிறது. நாளைக்குக் காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் ஓனரிடம் சொல்லிவிடப் போகிறேன். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுக்கிறவரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். வேலை போனால் போகட்டும்.

இப்போது உன்னுடையது. பொங்கலுக்கு வந்தபோது சட்டையைக் கழற்றாமலே குளித்தாய். முதுகு முழுக்கப் பரு என்று ஈரச் சட்டையிலேயே தெரிந்தது. சோறு ஒரு கரண்டி கூடிப்போனதற்கு அம்மாவிடம் நீ கத்தின கத்தல், நீ கத்துகிற பிள்ளையே இல்லை. மறுநாள் நகவெட்டி தேடி உன் பையைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. சின்ன பாட்டிலும் ஊசியும் இருந்தன. பாட்டில்மேல் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, ஜிப்பை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோதுகூடக் கேட்கவில்லை. அந்த டிக்கெட் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. முன்பக்கம் அச்செல்லாம் மங்கி அழிந்துபோய்விட்டது, பின்பக்கம் நான் எழுதினது அப்படியே இருக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் தெரிந்த மெடிக்கல்காரரிடம் காட்டினேன். யாருக்கு என்றார். வண்டியில் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். இது தசை ஏற்றப் போடுகிற ஆண் ஹார்மோன் மருந்து, வெளியிலிருந்து வருவதால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும், பின்னால் பிள்ளை பிறப்பதற்கே கஷ்டமாகலாம், இதயச் சுவர் தடிக்கும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கிவிடும் என்று சொன்னார். திடீரென்று நிறுத்தினால் மனசு ரொம்பச் சோர்ந்துபோகுமாம், டாக்டர் பார்வையில்தான் விடவேண்டுமாம். அதனால் நீயாக எதுவும் செய்யாதே. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மறைத்தவன் நான்.

பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போடு. முதல் நாள் ராத்திரி தாம்பரத்தில் ஏறினால் விடியுமுன் இங்கே வந்துவிடலாம். இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுப்போம், வண்டி ஓட்டலாமா என்று எனக்கும் எழுதிக் கேட்கவேண்டும். அம்மாவிடம் காலேஜ் விஷயமாகப் போகிறோம் என்று சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிட்டே போகலாம். உன் டி.சி.யும் மார்க் ஷீட்டும் பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கின்றன, திரும்பும்போது மேலக்கோட்டையூருக்கு அதையும் எடுத்துப் போ.

வரும்போது அந்தப் பாட்டிலையும் மறக்காமல் கொண்டுவா. டாக்டர் பெயரைக் கேட்பார். நான் டிக்கெட்டில் எழுதி வைத்திருப்பதில் ஏதாவது எழுத்து தப்பாக இருக்கலாம்.

அன்புடன்,
அப்பா