ஃபிலிம் கழுவக் கைகொடுத்த மதுரைக்காரர்களுக்கு நன்றி

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். ஃபிலிமில் எடுத்து, வீட்டிலேயே கழுவி, டிஜிட்டல் கேமராவால் படியெடுத்து, கம்ப்யூட்டரில் திருத்தி, சிலவற்றை மறுபடி காகிதத்திலும் துணியிலும் இறக்குகிறோம். இந்த வேலை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் ஊரில் கிடையாது. ஸ்டுடியோ, கெமிக்கல் கடை, விளம்பரப் பலகைக் கடை, ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை, சாயப்பட்டறை என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிற அறிவு இது. கேட்டபோதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் சொன்னதை எழுதியே நன்றி சொல்கிறோம். அடுத்து இறங்குகிறவருக்கும் உதவும்.

முதல் வணக்கம் டார்க் ரூம் மாஸ்டர்களுக்கு. புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்கின்றன. சித்திரை வெயிலில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டி நிற்கும். “20-க்கு இறக்கப் போராடாதே, 24-ல் நிலையாக நில்” என்றீர்கள். அதுதான் சரி. இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ரோலை ஐ.எஸ்.ஓ. 400-ல் எடுத்து, படத்தை வெளிக்கொணரும் டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். 24-ல் ஏழரை நிமிடத்துக்குக் கிட்ட வரும். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் அதே சூட்டில் ஐந்து நிமிடத்தில் முடித்தாக வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில், டேங்கில் ஊற்றி வடிக்கிற வினாடிகளே பெரிய பங்காகி, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். மதுரையில் கலந்து ஊற்றுவதற்கு இதுதான் காரணம், சிக்கனம் அல்ல.

டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீரை நேரே பிடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு. ஊறியிருக்கும் ஜெலட்டின் திடீர்ச் சூட்டில் சுருங்கி மடியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்த்தால் தோல் வெடித்த மாதிரி இருக்கும், எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்), அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே வாளியில் ஒன்றாக நிற்க வேண்டும். ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி அந்த வாளித் தண்ணீரில் போடுங்கள், மருந்துக்குள் அல்ல.

ஹைப்போ கலக்கும் விதம் உங்களிடம் கற்றதிலேயே நேர்த்தியானது. லிட்டருக்கு 250 கிராம் கொட்டிக் கலக்கினால், கரையும்போதே தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் போட்டால் சில்லிட்டுப்போய்ப் பாதி கரையாமல் நிற்கும். 50 டிகிரி வெந்நீரில் தொடங்கினால் கரைந்து முடியும்போது தானே இறங்கி வந்துவிடும். மெட்டாபைசல்ஃபைட் 25 கிராமை நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்; சூட்டில் சேர்த்தால் மூச்சை அடைக்கும் வாடை வரும், கந்தகம் பிரிந்து மருந்து பால்போல் கலங்கும். ஹைப்போவுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய ஃபிலிம் நுனியை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். பால் நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரமோ அதைப்போல் இரண்டு மடங்கு ரோலுக்கு. புதிதாகக் கலந்தபோது ஆனதைவிடத் தெளியும் நேரம் இரட்டிப்பானால் மாற்றிவிடுங்கள்.

கெமிக்கல் கடைக்காரருக்கு. கால் கிலோவுக்குக் கீழே பிரித்துத் தராத சரக்கைப் பத்து கிராம், இருபது கிராமாகக் கட்டிக்கொடுத்தீர்கள். டி-76-க்கு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். முதலில் 52 டிகிரி வெந்நீர் முக்கால் லிட்டர் எடுத்து, கரைத்து முடித்தபின் ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். வரிசை முக்கியம்: ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதிச் சல்ஃபைட், மற்றவை. சல்ஃபைட்டை முதலிலேயே கொட்டினால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். சல்ஃபைட்டே இல்லாமல் மெட்டாலைக் கரைத்தால் காற்றுப் பட்டுக் கருக்கும். நகை எடை பார்க்கிற சின்னத் தராசு கட்டாயம், கையுறையும் கட்டாயம். மெட்டால் சிலர் தோலில் கொப்புளம் கிளப்பும்.

அலசுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. ஜெலட்டினை இறுக்கும் மருந்து (ஹார்டனர்) கலக்காத ஹைப்போவுக்கு இல்ஃபோர்டு சொல்கிற இந்த முறை, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. கடைசி முழுக்கு மட்டும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில். போர் தண்ணீரில் முக்கினால் உலர்ந்ததும் சுண்ணாம்பு வட்டம் நிற்கும். காயப் போடக் குளியலறை நல்லது: தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஃபேன் போடாமல் கதவைச் சாத்துங்கள்.

இனி படியெடுக்கும் பக்கம். விளம்பரப் பலகைக் கடைத் தம்பிகளே, பால் வெள்ளை அக்ரிலிக்கும், லேசரில் வெட்டிய கறுப்புச் சட்டமும் உங்கள் கைங்கரியம். 24க்கு 36 மில்லிமீட்டர் ஃபிரேமுக்குச் சாளரத்தை 26க்கு 38 என்று வெட்டச் சொன்னோம். சுற்றியுள்ள வெற்று விளிம்பும் தெரிய வேண்டும். எல்.இ.டி. பலகைக்கும் ஃபிலிமுக்கும் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் அக்ரிலிக்கில் இருக்கும் தூசியும் படத்தில் விழும். பலகையின் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கட்டும். கேமரா நேராகப் பார்க்கிறதா என்று அறிய, ஃபிலிம் இருக்கும் இடத்தில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் விழுந்தால் நேர். ஒரு பக்கம் சாய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கும், குற்றத்தை லென்ஸ் மேல் போட்டுக்கொண்டிருப்போம். மேக்ரோ லென்ஸ், எஃப்8, ஐ.எஸ்.ஓ. 100, ரா ஃபைல், அறை விளக்கு அணைப்பு. வெற்று விளிம்புதான் ஃபிரேமிலேயே வெளிச்சமான இடம். அது வெந்துபோகாமல் எவ்வளவு வெளிச்சம் தரலாமோ அவ்வளவு தரலாம்.

படம் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் 2020-ல் வந்த ‘நெகடாக்டர்’ பகுதி அந்த விளிம்பைத்தான் முதலில் கேட்கிறது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சை அங்கிருந்து அளந்து கழிக்கிறது. விளிம்பை வெட்டிவிட்டு ஸ்கேன் எடுத்தால் கலரை ஊகித்துத்தான் திருத்த வேண்டும். தூசியை இன்ஃப்ராரெட் ஸ்கேனர் தானே நீக்கும் என்று நம்பி கறுப்பு வெள்ளையைக் கொடுக்காதீர்கள். படத்தில் இருப்பது நிஜ வெள்ளி, இன்ஃப்ராரெட்டை மறைக்கும். படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். ஊதுபந்தும் பொறுமையும்தான் வழி.

ஒரு ஃபிரேமைக் கிட்டத்தில் பார்ப்போம்: நாயக்கர் மஹால் முற்றம், பிற்பகல். வெயில் விழும் தூண் வெளேரென்று, அதன் பின்னால் வளைவுகளுக்குள் கருநிழல். டிஜிட்டலில் தூணைக் காப்பாற்ற வேண்டும், ஃபிலிமில் நிழலை. போன் கேமராவில் மீட்டர் பார்த்து அப்படியே ஃபிலிமில் வைத்தால் நிழல் பட்டினி. நிழலில் தெரிய வேண்டிய இடத்தை அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து வையுங்கள். கழுவும் நேரத்தையும் பத்துப் பதினைந்து சதவீதம் குறையுங்கள். நெகட்டிவ் கொஞ்சம் சாதுவாக இருந்தால் ஸ்கேனுக்கு நல்லது, கான்ட்ராஸ்டைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அடர்ந்து இறுகிப்போன தூணுக்குள்ளிருந்து சுதை வேலைப்பாட்டை மீட்பது கடினம்.

இதே மஹாலை 1858-ல் ஆங்கிலேயப் படை அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப் காகித நெகட்டிவில் எடுத்தார். வெறுமையாக விழுந்த வானத்துக்குத் தன் நெகட்டிவ்களில் கையால் மேகம் தீட்டுவது அவர் வழக்கம். ரீடச்சிங் மாஸ்டர்களே, சீவிய பென்சிலால் நெகட்டிவின் முகத்தில் நீங்கள் செய்ததும் அந்த வழியில்தான். எந்த முகச் சுருக்கத்தை விட வேண்டும், எதைத் தணிக்க வேண்டும் என்று நீங்கள் காட்டியதை மவுஸ் பிடிக்கும்போதும் பின்பற்றுகிறோம். டிஜிட்டலில் திருத்தினால் அது ஃபிலிம் இல்லை என்பவர்களை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கும் சாயப்பட்டறை அண்ணன்களுக்கும். வெயில் பட்டு நீலமாக இறங்கும் சயனோடைப் முறையில் துணியில் இறக்க, படத்தை நெகட்டிவாக்கி, இடவலம் திருப்பி, பாசிட்டிவ் எடுக்கிற இங்க்ஜெட் ஷீட்டில் அடித்தால் மை பூசிய பக்கம் துணியோடு ஒட்டி உட்காரும். படம் கூர்மையாக இறங்கும். சயனோடைப் மருந்துக்கு ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லியில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் 100 மில்லியில், பூசும் முன் சம பங்கு. ஃபெரிசயனைடு பக்கத்தில் கடும் அமிலம் வரவே கூடாது. சுங்குடிக்கு எடுக்கிற வெள்ளைப் பருத்தியில் முதலில் கஞ்சியைப் போக்கச் சொன்னீர்கள். கஞ்சி இருந்தால் நீலம் மேலேயே நின்று அலசலில் ஓடிவிடும். வெயில் நேரத்துக்கு 6, 8, 10, 12, 14 நிமிடம் என்று சோதனைப் பட்டை. காரத் தண்ணீர் நீலத்தைத் தின்னும், ஆகவே முதல் அலசலில் எலுமிச்சைச் சாறு சில துளி. வாஷிங் சோடா எப்போதும் கூடாது.

கேமரா மெக்கானிக்குக்கு: இற்றுப்போன ஃபோம் சீலை மாற்றியதற்கும், போனின் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் ஷட்டரைச் சோதிக்கக் காட்டியதற்கும். 1/30-ல் 8 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். 12 இருந்தால் அது 1/20. கலர் லேப் ஆபரேட்டருக்கு, எங்கள் ஒற்றை ரோலுக்காக மெஷினின் சூட்டைக் காத்து நின்றதற்கு.

தீர்ந்த ஹைப்போவைக் கேனில் வாங்கிப்போய் வெள்ளி பிரிக்கிற அண்ணாச்சிக்குத் தனி நன்றி. ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. சாக்கடை வழியாக வைகைக்குப் போகக் கூடாதது. அடுத்த கேன் நிரம்பிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கெமிக்கல் கடையில் மெட்டால் வந்தால் எங்களுக்கு நூறு கிராம் எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
மதுரையில் ஃபிலிம் கழுவும் நாங்கள்