புள்ளியெல்லாம் நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயிர்நோய்க் கட்டுரை, நெல் இலையில் பழுப்புப் புள்ளி தென்பட்ட அன்றே பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொல்கிறது. எந்தப் புள்ளி என்று சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான்.

நெல்லில் இலைப்புள்ளி உண்டாக்கும் நோய்களில் ஒன்று குலைநோய். பனியில் நனைந்த இலைமேல் விழும் அதன் பூஞ்சையின் வித்து முளைவிட்டு, நுனியில் குமிழ் போன்ற உறுப்பை உண்டாக்கும். அதற்குள் ஏறும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை போகும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரைதான். அந்த வேகத்தில் இலைத்தோல் துளைபடுகிறது. நெல்லும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சைச் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்கை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, துளை விழும் இடத்தில் உட்புறம் காலோஸ் என்ற அடைப்புப் பொருளைப் பூசி அடைக்கப் பார்க்கும். கைட்டினை அரிக்கும் நொதியையும் சுரக்கும். அதையும் மீறி உள்ளே வந்தால், எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தில் தாக்கப்பட்ட செல் தானே மடிந்துவிடும். தொடக்கத்தில் உயிருள்ள செல்லை நம்பியிருக்கும் பூஞ்சை அதோடு முடங்கிப்போகும்.

மடிந்த செல்கள்தான் குண்டூசி முனை அளவுப் பழுப்புப் புள்ளி. அதற்கு மருந்தடிப்பது வீண் செலவு. பயிரை மீறி நோய் ஜெயித்துவிட்டால், புள்ளி கண் வடிவில் நீண்டு, நடுவே சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக இருக்கும். சந்தேகமென்றால் இலைத்துண்டை ஈரத்தாளோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நடுவில் சாம்பல் பூத்திருந்தால் பூஞ்சை வித்து விடுகிறது என்று பொருள். செம்புள்ளி என்ற வேறொரு நெல் நோயும் சிறு புள்ளியாகத்தான் தொடங்கும் என்பதால், நாலைந்து இலையில் நூல் கட்டி, மூன்று நாள் கழித்துப் புள்ளி பெருத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன யூரியாவுக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கலாம். யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் இலையில் சிலிக்கா குறைந்து திசு மென்மையாகும். பயிர் அடர்ந்து பனி காய நேரமாகும். பூஞ்சைக்கு இரண்டுமே வசதி. மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதற்குக் காரணம் இதுவும்தான். நெல்லின் உலர் எடையில் 10 சதவீதம் வரை சிலிக்கா இருக்கக்கூடும். வைக்கோலை முழுக்க வாரிக்கொண்டு போனால் அதுவும் வயலை விட்டுப் போகிறது.

செல் மடிவது எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தக்காளி, திராட்சையைப் பிடிக்கும் சாம்பல் பூசணம் செத்த செல்லைத் தின்றே வளர்வது. அதற்கு அது விருந்து.

கடைசியாக, "ரகம் எதிர்ப்புச் சக்தியை இழந்துவிட்டது" என்ற வரி. ரகம் எதையும் இழக்கவில்லை. அது அடையாளம் கண்டுகொண்டிருந்த புரதத்தைப் பூஞ்சை மாற்றிக்கொண்டது, அல்லது உதறிவிட்டது. காவலாளி அதே ஆள்தான். வருபவன் முகம் மாறிவிட்டது.

இப்படிக்கு,
பயிர் நோயியல் அறிந்த வாசகர் ஒருவர்