மைதானத்தில் பாதி கேட்கிறார்கள் என்றால்

நியூ மோல்டன்

அன்பு மகன் கஜனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ போன கிழமை போனில் சொன்ன அலுவலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கதைக்கத் தொடங்கினால் அரைவாசியில் அம்மா போனை வாங்கிவிடுவா. எழுதிவிட்டால் நீ ஆறுதலாக இருந்து வாசிக்கலாம், வேண்டுமென்றால் உங்கள் கமிற்றிக் கூட்டத்துக்கும் கொண்டுபோகலாம்.

உங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நகரசபை பெர்மிற்றில் ஒரு மைதானம் இருக்கிறது. இடம் இல்லாமல் போன இன்னொரு கழகம் வந்து பாதி நேரம் தரச் சொல்லிக் கேட்கிறது. அவர்கள் அங்கத்தவர்களே சொந்தக்காரராக இருந்து நடத்துகிறவர்கள், ஆட்பலமும் உங்களைவிடக் கூட. உங்கள் பொருளாளர் ஐயா “இடத்தைக் குடுத்தால் மடத்தைப் பிடுங்குவாங்கள்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். நீ என்னிடம், “அப்பா, 2002-இல் எங்கள் விம்பிள்டன் ரசிகர் கழகத்துக்கும் ஆரும் இடம் தராமல் விட்டிருந்தால்?” என்று கேட்டாய். கேள்வி சரி. ஆனால் அது பாதிக் கேள்வி. மற்றப் பாதி, எங்களுக்கு இடம் தந்த கிங்ஸ்டோனியன் கழகம். நீ சின்னப் பிள்ளையாக எங்கள் நீலக் கொடியோடு திரிந்தபடியால் அந்தப் பாதி உனக்கு வடிவாகத் தெரிந்திருக்காது.

முதலில் எங்கள் பக்கம். விம்பிள்டன் கழகத்தைக் கிளப்பிக்கொண்டு போக எப்படி முடிந்தது என்று பார். 1988-இல் லிவர்பூலை வென்று இங்கிலாந்தின் பெரிய கிண்ணமான எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கழகம், மூன்று வருஷத்தில், 1991-இல், தன் மைதானமான பிளவ் லேனை விட்டு வெளிக்கிட்டது. எல்லாருக்கும் இருக்கை வேணும் என்று புதுச் சட்டம் வருகிறது, அந்தப் பழைய இடத்தில் அது செய்ய முடியாது என்று சொன்னார்கள். கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போய் இருந்தார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்று போனது பன்னிரண்டு வருஷம் இழுபட்டது. இதற்குள் 1998-இல் பழைய மைதானத்தை ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றுப்போட்டார்கள். இன்றைக்கு அதில் அடுக்குமாடி நிற்கிறது. பிறகு முதலாளிமார் சொன்ன நியாயம் என்ன? “கழகத்துக்குச் சொந்த மைதானம் இல்லை. மில்டன் கீன்ஸில் கட்டித் தருவார்கள். அங்கே போகிறோம்.” ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரம்! சொந்த நிலத்தில் நிற்கிற கழகத்தைப் பற்றி இப்படி வாய் திறந்து கேட்க ஏலாது. வாடகைக்கு நின்றபடியால் கேட்டார்கள்.

2002 மே 28-ஆம் திகதி உதைபந்தாட்டச் சங்கம் (எஃப்.ஏ.) நியமித்த மூன்று பேர் கொண்ட குழு இரண்டுக்கு ஒன்று என்று இந்த இடமாற்றத்துக்குச் சம்மதம் கொடுத்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு ஏற்றதல்ல என்றும் அறிக்கையில் எழுதினார்கள். அந்த வசனத்தை இங்கே சனம் இன்றுவரை நக்கலாகச் சொல்லும். ஒரு மாதத்தில், ஜூன் 29, ரசிகர்கள் தொடங்கிய புதுக் கழகத்துக்கு விம்பிள்டன் கொமனில் ஆட்கள் தெரிவு. 230 பேர் வந்தார்கள். அது உனக்கு நினைவிருக்கும், உனக்கு ஒன்பது வயது, “நானும் போய் நிற்கட்டோ” என்று கேட்டாய்.

வீரர்களைப் பிடித்தாச்சு, விளையாட இடம் வேணுமே. அந்த நேரத்தில் கதவைத் திறந்தது கிங்ஸ்ரனில் இருக்கும் கிங்ஸ்மெடோ. எங்கள் வீட்டிலிருந்து 131 பஸ்ஸில் கொஞ்சத் தூரம். மைதானம் கிங்ஸ்டோனியனுடையது. 1885-இல் தொடங்கிய கழகம் அது, விம்பிள்டனைவிட மூத்தது. 1989-இல் இந்தப் புது மைதானத்துக்கு வந்தார்கள். 1999-இலும் 2000-இலும் அடுத்தடுத்து வெம்பிளியில், சின்னக் கழகங்களுக்கான எஃப்.ஏ. ட்ரோஃபி வென்றார்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 2001-இல் கடனில் விழுந்து, கணக்கு வழக்கு நிர்வாகிகளின் கைக்குப் போனது. பிறகு கழகத்தை எடுத்த முதலாளியிடம் மைதானக் குத்தகையும் போய்ச் சேர்ந்தது. ஆகவே எங்களுக்கு இடம் தந்ததைத் தயவு என்று மட்டும் சொல்ல ஏலாது. அங்கே காசுக்கு அந்தரம், இங்கே இடத்துக்கு அந்தரம்.

முதல் சீசனில் நடந்ததை உங்கள் பொருளாளருக்கு நீ கட்டாயம் சொல்ல வேணும், ஏனென்றால் அவர் பயப்படுவது இதற்குத்தான். நாங்கள் விளையாடியது இங்கிலாந்து லீக் வரிசையில் ஒன்பதாம் படியில். அந்த லீக்கில் நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். எங்களுக்குச் சராசரி மூவாயிரத்துக்கு மேல் சனம் வந்தது. எங்களைவிட மேல் லீக்கில் ஆடிய கிங்ஸ்டோனியனுக்குச் சில நூறு பேர்தான். வீட்டுக்காரர் மெலிந்துபோய் இருக்க, வாடகைக்காரர் கொழுத்துப்போய் நின்றார்கள். 2003-இல், வந்து ஒரு வருஷம் ஆகமுன்னமே, பங்கு விற்றும் கடன் பட்டும் 24 லட்சம் பவுணுக்கு அந்தக் குத்தகையை நாங்கள் வாங்கினோம். அன்றோடு கிங்ஸ்டோனியன் தாங்கள் கட்டின மைதானத்திலேயே வாடகைக்காரர் ஆனார்கள்.

நியாயமாகச் சொல்ல வேணும், அவர்களைக் கொடுமைப்படுத்தவில்லை. வாடகை குறைவு. பதினாலு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். எனக்குப் பெற்றோல் ஸ்ரேஷனில் சனிக்கிழமைகளில் வேலை விழத் தொடங்கின பிறகு உன்னைச் செவ்வாய் இரவுகளில் கிங்ஸ்டோனியன் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவேன். உனக்கு அது பிடிக்காது, “இது எங்கடை ரீம் இல்லை” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாய். எனக்கு அந்த இருநூற்றி ஐம்பது பேர் நின்ற இரவுகள்தான் பிடிக்கும். கோலுக்குப் பின்னால் நின்றால் கோல் காப்பாளர் தன் ஆட்களுக்குச் சத்தம் போடுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும். தை மாதத்தில் இரண்டு கழகமும் ஒரே புல்லில் மிதித்து மிதித்து, கோல் வாசலில் புல்லே இராது, சேறும் மணலும்தான். சிவப்பு வெள்ளை வரிச் சால்வையோடு ஒரு கிழவர் எப்பவும் அதே இடத்தில் நிற்பார். ஒரு நாள் அந்தச் சேற்றைக் காட்டி, “அரைவாசி உங்கடை, அரைவாசி எங்கடை. ஆனால் மழை பெய்து ஆட்டம் நின்றால் அது எங்கடை மட்டும்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான். ஆட்டங்கள் பின்னுக்குப் போய்க் குவிந்தால் ஆருக்கு முதல் நாள் கிடைக்கும் என்பதை மைதானம் வைத்திருப்பவன்தான் தீர்மானிப்பான்.

நாங்கள் ஏறிக்கொண்டே போனோம். ஒன்பது சீசனில் ஐந்து தரம். 2011 மே மாதம் மான்செஸ்ரரில் லூட்டனுக்கு எதிராக எங்கள் வீரர் கெட்வெல் கடைசிப் பெனால்ரியை உள்ளே அடித்தபோது நீயும் நானும் எப்படிக் கத்தினோம் என்று எழுதத் தேவையில்லை. அந்த வெற்றியோடு தொழில்முறை லீக்குக்குப் போன பிறகு கிங்ஸ்மெடோ காணாது. ஐயாயிரம் பேர்கூட முழுசாகக் கொள்ளாத மைதானம். எல்லாருக்கும் திரும்பிப் பிளவ் லேனுக்குப் போகவேணும் என்ற ஆசை. பழைய இடத்துக்குக் கிட்ட, நாய் ஓட்டப்பந்தய அரங்கு இருந்த காணி கிடைத்தது. கட்டக் காசு வேணும். கையில் விற்கக்கூடியதாக இருந்தது கிங்ஸ்மெடோ ஒன்றுதான். செல்சி வாங்கியது. அதன் பிறகு செல்சியின் பெண்கள் அணி அங்கே ஆடியது.

கிங்ஸ்டோனியன் 2017-இல் வெளியே. முதலில் லெதர்ஹெட், அடுத்த வருஷம் ரொல்வேர்த்தில் இன்னொரு கழகத்தின் மைதானம். கிங்ஸ்ரன் என்ற ஊரின் பெயரில் இருக்கிற கழகத்துக்குக் கிங்ஸ்ரனில் மைதானம் இல்லை. எங்கள் கழகம் அவர்களுக்குக் காசு கொடுத்தது உண்மைதான். காசு மைதானம் ஆகாது என்று எங்களைவிட ஆருக்குத் தெரியும்? செல்ஹர்ஸ்டில் பன்னிரண்டு வருஷம் அந்நியமாய் இருந்தவர்கள் நாங்கள்.

இதனால் விம்பிள்டனைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காணியை விட்டிருந்தால் ஊர் திரும்புவது நடந்திராது. 2020 நவம்பர் 3, டொன்காஸ்ரரோடு புதுப் பிளவ் லேனில் முதல் ஆட்டம், கொரோனாவால் உள்ளே ஒரு ரசிகரும் இல்லை, இரண்டுக்கு இரண்டு. நான் இங்கே சோபாவில் இருந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. அந்த வருஷத் தொடக்கத்தில் கட்டுமானக் காசு காணாமல் வந்தபோது வெளி முதலாளிகளிடம் கழகத்தைக் கொடுக்காமல் ரசிகர்களே ஐம்பது லட்சம் பவுணுக்கு மேல் கடனாகக் கொடுத்துத் தாங்கினார்கள். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

ஆனால் நீ “அவர்கள் அங்கத்தவர்களே நடத்துகிற கழகம், அதனால் நம்பலாம்” என்று சொன்னாயே, அந்த இடத்தில்தான் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் கழகத்தை வைத்திருக்கிற ரசிகர் அமைப்பான டொன்ஸ் ட்ரஸ்ட் எப்படி இயங்குகிறது என்று பார். எவ்வளவு காசு போட்டாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. எனக்கும் ஒன்று இருக்கிறது. நல்ல முறை. ஆனால் அந்த வாக்குகள் எல்லாம் விம்பிள்டனின் நன்மைக்காகவே விழும், விழத்தான் வேணும். கிங்ஸ்டோனியன் கிழவருக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை. ரசிகர்களுக்குச் சொந்தமான கழகம் தன் ரசிகர்களுக்கு நல்லதாக இருக்கும். பக்கத்தில் இருக்கிறவனுக்கு நல்லதாக இருக்கவேணும் என்றால் அது தாளில் எழுதப்பட்டிருக்க வேணும். தனி முதலாளி என்றால் ஒருவேளை மனம் இரங்குவான். ஐயாயிரம் பேர் வாக்குப் போட்டு இரங்குவது அருமை.

ஆகவே உங்கள் பொருளாளர் சொல்வதில் பாதி சரி. இடம் கொடுக்காதே என்பது எனக்குச் சம்மதமில்லை. பெர்மிற் நேரத்தை நீங்கள் முழுசாகப் பாவிப்பதும் இல்லை என்று நீயே சொன்னாய். சும்மா கிடக்கிற புல்லை வைத்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடத் தேடுகிறபோது இல்லை என்று சொல்வது அழகில்லை. கொடுங்கள். ஆனால் பெர்மிற் உங்கள் கழகத்தின் பெயரில் இருந்து நகரக்கூடாது, அரைவாசி நேரமும் அவர்கள் பாவித்தாலும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதுங்கள். இரு பக்கமும் விலகுவதென்றால் ஒரு முழுச் சீசன் முன்னறிவித்தல் வேணும் என்று எழுதுங்கள். கிண்ண ஆட்டமும் லீக் ஆட்டமும் ஒரே நாளில் விழுந்தால் ஆருக்கு முதலிடம், மழையால் ஒத்திவைத்தால் ஆருக்கு முதலிடம், தேநீர் கடைக் காசு ஆருக்கு, உடுப்பு மாற்றும் அறையை ஆர் கழுவுவது, இதெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரியும், சண்டை அங்கேதான் தொடங்கும். அதோடு அவர்கள் கமிற்றியில் உங்கள் ஆள் ஒருவர், உங்கள் கமிற்றியில் அவர்கள் ஆள் ஒருவர். வாக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு முடிவு எடுக்கிற நேரம் மற்றவன் முகம் அங்கே தெரியவேணும்.

இன்னொன்று. நகரசபை என்றைக்காவது அந்த மைதானத்தைப் புதுப்பிக்கக் காசு தருவதாக வந்தால், அல்லது நீங்கள் வேறு இடம் போவதென்றால், மற்றக் கழகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். இப்போது இரண்டு பேருக்கும் நல்ல மனம் இருக்கிறது, காசு இல்லை. காசு வந்த பிறகு இதைக் கதைக்கப் போனால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பொருளாளர் ஐயாவை மற்ற ஆட்களுக்கு முன்னால் மடக்கவேண்டாம். அவர் அந்தக் கழகத்தைத் தொடக்கினவர்களில் ஒருவர் என்று சொன்னாய். கூட்டத்துக்கு முதல் நாள் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கதை. ஊரில் எங்கள் கழகமும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் விளையாடியது, அதிபர் மாறும்போதெல்லாம் புதிதாகக் கெஞ்சவேணும். அவருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும், கேட்டால் சொல்லுவார்.

ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். வரைபை எனக்கும் அனுப்பு. ஆங்கிலத்தில் என்றாலும் ஆறுதலாக வாசிப்பேன், இப்போது ஓய்வுதானே.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் போன் எடு, இங்கே எத்தனை மணி என்று பார்க்கவேண்டாம். அம்மா மிளகாய்த்தூள் பார்சல் போட்டிருக்கிறா. மருமகளுக்கும் சின்னவனுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அப்பா