425 என்னும் வாயிலைத் திறந்துவிடுங்கள்: சீனக் கல்வித் தேர்வு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

சீனக் கல்வி அமைச்சகத்தின் தேர்வு ஆணையத்தைச் சேர்ந்த பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை நீங்கள் நடத்தும் கல்லூரி ஆங்கிலத் தேர்வில், நான்காம் நிலையில் 425 மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே ஆறாம் நிலைக்குப் பதிவு செய்யலாம் என்றொரு விதி இருக்கிறது. அந்த விதியை நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டிலிருந்து சீனாவுக்குச் சென்று மருத்துவம் பயின்றவள். எங்களைப் போல அங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்களிடம் சீன நண்பர்கள் முதலில் கேட்கும் உதவி பெரும்பாலும் இந்தத் தேர்வைப் பற்றியதாகவே இருக்கும். நாங்கள் அவர்களிடம் சீனம் கற்றோம். அவர்கள் எங்களிடம் ஆங்கிலம் பேசிப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தில் கண்ணால் கண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதே அனுபவம் உள்ள தமிழர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் தங்கள் சீன நண்பர்களோடு இதைப் பேச வேண்டும் என்று நான் விரும்புவதுமே.

இந்தத் தேர்வின் மீது எனக்கு மதிப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1987இல் நான்காம் நிலைத் தேர்வு தொடங்கியபோது சீனப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகளுக்குப் பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. அதை இத்தேர்வு தந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் ஒரு வெறியாகவே மாறிவிட்டதைக் கண்டு, 2005ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அந்தச் சான்றிதழையே கைவிட்டு, 710க்கு மதிப்பெண் இட்டு, தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சில்லாத மதிப்பெண் அறிக்கையை மட்டும் வழங்குவது என்று முடிவெடுத்தவர்களும் நீங்களே. அது துணிச்சலான, நல்லெண்ணம் கொண்ட முடிவு. ஆனால் ஆறாம் நிலையின் வாசலில் 425 என்ற எண்ணை நிறுத்தியதால், ஒரு கையால் அகற்றிய தேர்ச்சிக் கோட்டை மறு கையால் நீங்களே வரைந்துவிட்டீர்கள். இன்று சீனாவில் எந்த மாணவரைக் கேட்டாலும் ‘425 வந்தால் தேறியாயிற்று’ என்றே சொல்வார். நிறுவனங்களின் வேலை விளம்பரங்களிலும், அரசுப் பணியிடங்கள் சிலவற்றின் தகுதிப் பட்டியலிலும், முதுநிலைச் சேர்க்கை விதிகள் பலவற்றிலும் அதே எண்தான் நிற்கிறது. தேர்ச்சிக் கோடு எதுவும் இல்லை என்று ஆணையம் எத்தனை முறை விளக்கினாலும், விளக்கத்தை விட விதியைத்தான் ஊர் நம்பும்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான்காம் நிலை மதிப்பெண், ஒரு மாணவர் எத்தனை விடைகளைச் சரியாக எழுதினார் என்ற நேரடிக் கணக்கு அன்று. 16 பல்கலைக்கழகங்களிலிருந்து தெரிந்தெடுத்த ஏறத்தாழ 30,000 மாணவர்களைக் கொண்ட ஓர் ஒப்பீட்டுக் குழுவின் நடுவே அவர் எங்கே நிற்கிறார் என்பதையே அது காட்டுகிறது. சராசரி 500; திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவி நிற்கும் அளவு, 70. ஆகவே 425 என்பது அக்குழுவின் சராசரிக்கு ஒரு திட்டவிலக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே உள்ள ஓரிடம். அந்த இடத்துக்குச் சற்று மேலே இருப்பவருக்கு ஆங்கிலம் தெரியும், சற்றுக் கீழே இருப்பவருக்குத் தெரியாது என்று சொல்ல எந்த மொழியியல் நியாயமும் கிடையாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கேட்டல் பகுதியில் நீண்ட உரைகளைப் பற்றிய வினா ஒவ்வொன்றுக்கும் மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு இரண்டு. ஒப்பீட்டுக் குழுக் கணக்கை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், 710இல் அது ஏறத்தாழ 14. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். 418 வாங்கிய மாணவிக்கும் 425 வாங்கிய மாணவிக்கும் இடையே உள்ள தொலைவு அத்தகைய ஒரு வினாவில் பாதிதான். பக்கத்து மேசைக்காரர் இருமிய நேரத்தில் காதில் விழாமல் போன ஒரு சொல் அந்தத் தொலைவை உண்டாக்கிவிடும். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஆறு மாதம் காத்திருந்து, அதே நான்காம் நிலையை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய நாடு முழுவதற்கும் ஒரே நாளில், ஒரே தரத்தில் தேர்வை நடத்திக் காட்டும் உங்களுக்கு, எந்த அளவுகோலுக்கும் ஒரு பிழை எல்லை உண்டு என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தக் கோடு மாணவர்களின் தயாரிப்பை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. குய்சோ மாகாணத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தோழி ஒருத்தி எனக்கு இருந்தாள். விடியற்காலையில் விடுதிக்குப் பின்னால் உள்ள குளக்கரையில் நின்று சொற்பட்டியலை உரக்கப் படிப்பாள். குளிர்காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு படிப்பாள். அவளுடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. குறை அந்த உழைப்பு போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது. பதினைந்து சொற்களிலிருந்து பத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பும் பகுதியை அவள் படிப்பதே இல்லை; அந்தப் பத்து இடங்களுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐந்துதான், ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் தோன்றியதை நிரப்பிவிட்டு வா என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு சிறு கட்டுரைகளின் பத்து வினாக்களுக்கு நூற்றுக்கு இருபது என்பதால் நேரம் முழுவதும் அங்கே போயிற்று. கட்டுரைப் பகுதிக்கு ‘வித் தி டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி’ என்று தொடங்கும் ஓர் ஆயத்த வாசகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நூலகத்தைப் பற்றிக் கேட்டாலும் நட்பைப் பற்றிக் கேட்டாலும் அதே தொடக்கம், அதே மூன்று காரணங்கள், அதே முடிவு. இவற்றில் எதையும் அவளுடைய பிழை என்று நான் சொல்ல மாட்டேன். 425ஐத் தாண்டுவது மட்டுமே குறிக்கோள் என்றால், அதைத் தாண்டுவதற்கான குறுக்குவழிகளைக் கற்பதே அறிவான செயல். மொழியைக் கற்பது அந்தக் கணக்கில் வீண்செலவாகிவிடுகிறது.

தேர்வறை அச்சமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பல கல்லூரிகளில் கேட்டல் பகுதியைப் பண்பலை வானொலியில் ஒலிபரப்புகிறார்கள். மாணவர்கள் காதில் மாட்டிக் கேட்கும் வானொலிக் கருவியைத் தாங்களே கொண்டுவந்து அலைவரிசையைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்கலம் தீர்ந்துபோனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மதிப்பெண் போயிற்று. கேட்டல் முடிந்த கையோடு முதல் விடைத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால், காது கேட்கும்போதே கை கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் என் தோழி பயிற்சி செய்ததில் பாதி ஆங்கிலம், மீதி இந்த வித்தைகள். விதிமுறைகளில் சில தவிர்க்க முடியாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வினாவின் பாதியில் ஆறு மாதம் தொங்கும்போது, ஒவ்வொரு விதிமுறையும் தூக்கத்தைக் கெடுக்கும் பூதமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவே உங்கள் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு, அது மொழிபெயர்ப்பு. 2013 டிசம்பரிலிருந்து தனி வாக்கியங்களை விட்டுவிட்டு ஒரு முழுப் பத்தியைச் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள். 2017 ஜூனில் மஞ்சள் ஆறு, யாங்சி, முத்து ஆறு. அதே ஆண்டு டிசம்பரில் தைஷான், ஹுவாஷான், ஹுவாங்ஷான் மலைகள். 2019 ஜூனில் காகித வெட்டுக்கலை, விளக்குக் கூடு, சிங்க நடனம். ஓர் அறையிலேயே அடுத்தடுத்து அமர்ந்திருப்பவர்களுக்கு வெவ்வேறு பத்திகள். தன் நாட்டைத் தன் வாயால் அயலாருக்குச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அது உயர்ந்த எண்ணம். என் தோழியின் பாட்டி மியாவ் இனத்தவர். துணியில் பூவேலை செய்யுமுன் காகிதத்தில் பறவையையும் பூவையும் வெட்டி, துணிமேல் வைத்து, அந்தக் காகிதம் கண்ணுக்குத் தெரியாதபடி அதன்மேலேயே பட்டு நூலால் தைத்துவிடுவார்களாம். ஒருநாள் மாலை உணவுக்கூடத்தில் உட்கார்ந்து இதை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். சொல் கிடைக்காத இடத்தில் கைக்குட்டையை மடித்துக் காட்டினாள்; வினைச்சொற்களில் காலம் தடுமாறிற்று; ஆனால் எனக்கு எல்லாம் விளங்கியது. அதே மாணவி, காகித வெட்டுக்கலை பற்றிய மாதிரி மொழிபெயர்ப்பை ஒரு பயிற்சி நூலிலிருந்து எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரிந்ததைத் தன் ஆங்கிலத்தில் எழுத அவளுக்குத் துணிவில்லை. பிழை வந்தால் 425 கைநழுவிவிடும் என்ற பயம். உணவுக்கூடத்தில் அவள் பேசிய ஆங்கிலத்துக்கு மதிப்பெண் தரும் வாய்மொழித் தேர்வை நீங்கள் தனியாக நடத்துகிறீர்கள் என்பது உண்மை. ஆனால் அது விருப்பத் தேர்வு, வாசலில் நிற்கும் அந்த எண்ணோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

வெளிநாட்டு மாணவர்களாகிய நாங்கள் எழுதிய சீன மொழித் தேர்வான ஹெச்எஸ்கேயில் இப்படி ஒரு வாயில் இல்லை. மூன்றாம் நிலையை எழுதாமலே நான்காம் நிலையை எழுதலாம். தன் திறனைத் தானே எடைபோட்டு, எந்த நிலைக்கு வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பழைய வினாத்தாள்களும் அதிகாரபூர்வமாகவே நூலாக வந்திருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் நாங்கள் படித்தோம். சீன மொழியைக் கற்க வந்த அயலாரான எங்களுக்குக் காட்டிய அந்த நம்பிக்கையை, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஏன் காட்டக் கூடாது? ஆறாம் நிலை கடினமானது என்றால், ஆயத்தமில்லாமல் போகிறவருக்கு அதன் மதிப்பெண்ணே அதைச் சொல்லிவிடும்.

வாயிலைத் திறந்தால் கூட்டம் தாங்காது, அறைகளும் கண்காணிப்பாளர்களும் போதாமல் போவார்கள் என்பது நீங்கள் சொல்லக்கூடிய முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே ஒவ்வொரு முறையும் இலட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி, 425க்குச் சற்றுக் கீழே நின்று நான்காம் நிலையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள். அவர்கள் காலையில் நடக்கும் நான்காம் நிலையை விட்டுவிட்டு மாலையில் நடக்கும் ஆறாம் நிலைக்கு வருவார்கள். இருக்கைகளின் மொத்தத் தேவை நாம் அஞ்சும் அளவுக்குக் கூடாது என்பது என் கணிப்பு. வேலை தருவோர் இந்த எண்ணை விடப் போவதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. உடனே விடமாட்டார்கள்தான். இருந்தாலும், சிஆன் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில் பட்டம் வழங்குவதற்கும் இந்தத் தேர்வுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தபோது நாடெங்கும் எழுந்த விவாதத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், இந்த முடிச்சுகள் அவிழக் காத்திருக்கின்றன என்று. ஆணையமே 425ஐப் பயன்படுத்தும்வரை, மற்றவர்களிடம் அதைக் கைவிடச் சொல்லும் உரிமை ஆணையத்துக்கு இல்லை.

இதனோடு சேர்ந்த இன்னொரு வேண்டுகோள்: தேர்வு முடிந்த பிறகு வினாத்தாளையும் விடைகளையும், திருத்திய கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள் சிலவற்றையும் மதிப்பெண்ணோடு, பெயர்களை நீக்கிவிட்டு, நீங்களே வெளியிடுங்கள். கட்டுரைக்கு 14, 11, 8, 5, 2 என்று படிநிலை வைத்துத் திருத்துகிறீர்கள் என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் மாணவரின் கையில் கிடைப்பது மொத்த மதிப்பெண்ணும், கேட்டல், வாசிப்பு, எழுத்தும் மொழிபெயர்ப்பும் என்ற மூன்று பகுதி மதிப்பெண்களும் மட்டுமே. எட்டு வாங்கிய கட்டுரைக்கும் பதினொன்று வாங்கிய கட்டுரைக்கும் என்ன வேறுபாடு என்று தெரிந்துகொள்ள அவர் காசு கொடுத்துப் பயிற்சி வகுப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பெய்ஜிங், ஷாங்காய் நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டாக இருக்காது. குய்சோ மலைக் கிராமத்திலிருந்து வந்தவளுக்கு அது ஒரு மாதத்துச் சாப்பாட்டுச் செலவு.

விதியை முழுமையாக நீக்குவதற்குக் காலம் தேவை என்றால், இடைக்காலமாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீண்ட உரை பற்றிய ஒரு கேட்டல் வினாவின் மதிப்பு ஏறத்தாழ 14 என்று மேலே பார்த்தோம். ஆகவே 411க்கு மேல் பெற்ற அனைவரும் ஆறாம் நிலைக்குப் பதிவு செய்யலாம் என்று அடுத்த பதிவுக் காலத்துக்கு முன்பே ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். அதற்கு வினாத்தாளில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. பதிவு செய்யும் தளத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அவ்வாறு வந்தவர்கள் ஆறாம் நிலையில் என்ன மதிப்பெண் பெற்றார்கள் என்பதை ஓராண்டு கழித்து வெளியிட்டு, வாயில் தேவையா இல்லையா என்பதை அந்த முடிவை வைத்தே தீர்மானியுங்கள்.

இங்ஙனம்,
சீனாவில் மருத்துவம் பயின்ற ஒரு தமிழ் மருத்துவர்