பங்குனி வெயிலில் தளிர்க்கும் காடு

அய்யலூர்,
சித்திரை முதல் வாரம்.

அன்பு நண்பர் கதிரேசனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து, மாலை வேளையில் காவிரிக்கரைத் துலாக்கட்டம் வரை நடந்து வருகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம். "காய்ந்து கிடக்கும் காட்டில் இந்த வெயிலில் என்னதான் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை.

கடவூர் மலைகளின் பக்கமாகக் காப்புக்காட்டின் விளிம்பை ஒட்டிச் செல்லும் வண்டிப்பாதையில்தான் நான் விடியற்காலையில் நடக்கிறேன். உசிலும் வெப்பாலையும் வேலமும் நிறைந்த காடு அது. மாசி மாதத்தில் அதைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் பட்டுப்போன காடு என்றே சொல்வார்கள். இலையெல்லாம் உதிர்ந்து, மிதித்த இடமெல்லாம் சருகு நொறுங்கும். ஆனால் பங்குனி பாதி கடந்ததும், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத நாட்களில், வெயில் ஏற ஏற உசில மரங்களின் கிளை நுனியெங்கும் இளம்பச்சை கிளம்பிவிடுகிறது. மழை பெய்தால்தான் காடு துளிர்க்கும் என்று நாம் பள்ளி நாளிலிருந்து நம்பி வந்திருக்கிறோம். நம் வறண்ட காட்டு மரங்கள் பலவும் மழைக்காகக் காத்திருப்பதில்லை. இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். இலை இருக்கும் வரை அதன் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இலையை உதிர்த்துவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. ஆழத்தில் உள்ள வேர்கள் உறிஞ்சும் கொஞ்ச நீரும் தண்டிலேயே தங்கி, மரம் மெல்ல மெல்ல நிறைகிறது. பகற்பொழுது நீளத் தொடங்குவதை உணர்ந்து மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன என்று தாவரவியலார் சொல்கிறார்கள். மழை தொடங்கிப் பூச்சிகள் பெருகும் முன்பே இலை முற்றிவிடுவதால் மரத்துக்கு அதில் ஆதாயமும் உண்டு. இதைப் பார்க்கக் காட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் தெரு வேம்பும் மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் தளிர்த்து, வருடப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் தந்துவிடுகிறது. அதற்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை.

தளிர் என்றால் பச்சை என்று எண்ணிவிட வேண்டாம். ஓடைக்கரையில் நிற்கும் பூவத்தி மரம் தளிர்த்தபோது தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அது பூத்திருப்பதாகவே நினைத்தார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அத்தனையும் இலை. ஒவ்வொன்றும் ஈரப் பட்டுத்துணி போலத் துவண்டு, இரத்தச் சிவப்பாகத் தலைகீழாகத் தொங்குகிறது. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் வெளிறித் தெரிகின்றன. பச்சையம் ஊறுவதற்கு முன் கடும் வெயிலிலிருந்து இளந்தளிரைக் காக்க அந்தச் செந்நிறம் உதவுகிறது. பின்னர் அது செம்பு நிறமாகி, வெளிர்பச்சையாகி, மற்ற மரங்களின் இலையோடு கலந்துவிடும்.

இலுப்பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாதை திரும்பும் இடத்தில் உள்ள பழைய அய்யனார் கோவிலுக்குப் பின்னால் மூன்று பெரிய இலுப்பைகள் நிற்கின்றன. மொட்டுகள் பழுப்பு நிற மென்மயிர் போர்த்திக் கொத்துக்கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். இதழ் விரியும் முன்பே சூலகத் தண்டு ஊசியாக வெளியே நீண்டு நிற்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து மொய்க்கின்றன. சதைப்பற்றான அந்த வெண்பூக்களை அவை தின்பதோடு, மகரந்தத்தையும் மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன. விடியும்போது மரத்தடி முழுவதும் பூவாக இருக்கும். கோவில் பக்கம் நெருங்கும் முன்பே புளித்த இனிப்பு மணம் மூக்கில் ஏறும். "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று நாம் ஏதோ இல்லாக் குறைக்குச் சொல்கிறோம். ஒரு பூவை வாயில் போட்டுப் பார்த்தால் அதன் இனிப்பு நல்ல வெல்லத்துக்குக் குறைந்ததில்லை. உங்கள் மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள இலுப்பைப்பட்டுக் கோவிலின் தலமரமே இலுப்பைதானே. ஒருநாள் காலையில் போய் வாருங்கள்.

வெப்பாலை இப்போது வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சரக்கொன்றையும் மஞ்சள் சரங்களைத் தொங்கவிடத் தொடங்கிவிட்டது. நம் பழம்பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. நான் காணும் கொன்றைகளோ கோடையில்தான் நிறைந்து பூக்கின்றன.

பறவைகளில் என் மனத்தை அதிகம் ஈர்ப்பது ஆறுமணிக்குருவி. ஐப்பசி வாக்கில் வந்த அந்தச் சிறிய பறவை, மழைக்காலத்தில் கூடு கட்டுவதற்காக இமயமலை அடிவாரத்துக்கும் நடு இந்தியக் காடுகளுக்கும் இந்த மாதத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது. புறப்படும் முன் சில நாட்களாக விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கிறது. குரல் கேட்ட திசையில் அசையாமல் காத்திருந்தபோது, அது சருகைப் புரட்டிக்கொண்டே என் கண்ணெதிரே வந்து நின்றது. வயிற்றின் அடியில் செந்தூரச் சிவப்பு, தோளில் பளிச்சிடும் நீலம், கண்ணின் குறுக்கே கரும்பட்டை. அக்காக்குயிலும் ஓயாமல் கூவுகிறது. ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றுவிடும். அது தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடும் பறவை. உசில மரத்து அடிப்பட்டையில் சில்வண்டின் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. பல ஆண்டு மண்ணுக்கடியில் வேர்ச்சாறு குடித்து வாழ்ந்த பூச்சி, முதுகைப் பிளந்து சிறகோடு வெளியேறிவிட்டுப் போன தோல் அது. நகங்கள் இன்னும் பட்டையைப் பற்றியபடியே இருந்தன.

இந்தக் காட்டின் பெருமை தேவாங்கு. இதற்காகவே 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இது. இரவில் உலவும் விலங்கு என்பதால் என் காலை நடையில் அது கண்ணில் படாது. வனத்துறையினரோடு ஒருமுறை இரவில் போனபோது, சிவப்புத் துணி கட்டிய கைவிளக்கின் ஒளியில் இரண்டு கண்கள் கனலாக எரிந்தன. கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி ஒரு கையை மிக மெதுவாக நீட்டி, பூச்சியைப் பிடிக்கும்போது மட்டும் விரைந்தது. முட்காடு, தரிசு, பயனற்ற நிலம் என்று இதைச் சிலர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

கவலை ஒன்றும் உண்டு. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வர வேண்டும் என்று சருகுக்குத் தீ வைக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை; அணையாத பீடித் துண்டும் போதும். சருகின் மேலேயே முட்டையிடும் பக்கிக்குருவிக்குத் தீ வந்தால் தப்ப வழியில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மாதங்களில் நான் காப்புக்காட்டுக்குள் அடி வைப்பதில்லை. விளிம்பில் நடந்தாலே ஒரு மனிதருக்குப் போதுமான அளவு பார்க்க இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெரு முனையில் உள்ள புங்க மரம் எப்போது இலை உதிர்த்தது, எப்போது தளிர்த்தது, பூ எப்போது கொட்டியது என்று குறித்து வையுங்கள். நானும் இங்குள்ள புங்கத்துக்கு அப்படிச் செய்து வருகிறேன். ஆற்றுப்படுகையில் நிற்கும் மரத்துக்கும் இந்த வறண்ட மண்ணில் நிற்கும் மரத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வைகாசி பிறப்பதற்குள் ஒருமுறை வந்து போங்கள். திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் பேருந்தில் ஏறினால் அய்யலூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். நிறுத்தத்தில் நான் காத்திருப்பேன். ஆறு மணிக்குள் நடை தொடங்கிவிடும் அளவுக்குச் சீக்கிரம் எழ வேண்டியிருக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நல்லசிவம்